குப்பைக் கிடங்கு வீடு மாறிய விவரம்

எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன்னால் அதைப் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்பது மாநகராட்சிக் குப்பை வாகனப் பிரிவின் கண்காணிப்பாளருடைய கொள்கை. ஒரு கடிதம் எழுதினால் ஒரு நகல் எடுப்பார். அந்த நகல் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று இன்னொரு நகல் எடுப்பார். அப்புறம் அசலை எங்கே வைத்தோம் என்று மேஜைக்கு அடியில் தேடுவார். அலுவலகத்தில் அவருக்கு நகல் சார் என்று பெயர். அவர் எதிரில் இருந்தால் மட்டும் வெறும் சார்.

அந்தப் பிரிவின் அதிகாரி வேறு மாதிரி மனிதர். அவருக்குப் புதுமை என்றால் உயிர். போன வருஷம் எங்கோ வெளிநாட்டில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்களாம் என்று படித்துவிட்டு, எல்லா நாற்காலிகளையும் பரணில் ஏற்றிவிட்டார். ஊழியர்கள் முட்டி தேய நின்றார்கள். மேற்பார்வையிட வசதியாக இருக்கட்டும் என்று அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் அவருடைய ஆசை வழிகாட்டிக் கருவியின் மேல் திரும்பியது. எல்லாக் குப்பை லாரியிலும் கைக்கண்ணாடி அளவுக்கு ஒரு திரை பொருத்தப்பட்டது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று சொல்லும். கருவி சொன்ன வழியை மீறினால் டிரைவருக்கு மெமோ. மெமோவில் கையெழுத்து நகல் சாருடையது.

அந்தக் கருவிக்குப் புதுப்பிப்பு வந்தது. அதைப் போடுவதற்கு ஓர் ஆலோசகரும் வந்தார். கறுப்பு பனியன், காதில் ஒரு புளூடூத் குமிழ், எதைக் கேட்டாலும் சிம்பிள் என்று பதில்.

"அப்டேட் போடறதுக்கு முன்னாடி மேப் டேட்டாவை ஒரு காப்பி எடுத்து பத்திரமா வெச்சுக்கணும் சார். ரொம்ப சிம்பிள்" என்றார் ஆலோசகர்.

காப்பி என்ற சொல்லைக் கேட்டதும் நகல் சாருக்கு முகமெல்லாம் பல். "வெச்சது பத்திரமாத்தான் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார்.

"சின்னதா ஒரு மாற்றம் பண்ணி சேமிப்போம். திரும்ப எடுத்துப் பார்ப்போம். மாற்றம் அப்படியே இருந்தா சேமிப்பு சரியா நடந்திருக்குன்னு அர்த்தம். அப்புறம் பழையபடி ஆக்கிடலாம்."

"என்ன மாற்றம்?" என்றார் அதிகாரி.

"ஏதாவது ரெண்டு இடத்தை ஒண்ணோட ஒண்ணு மாத்திப் போட்டாப் போதும் சார்."

இது அவ்வளவு லேசான விஷயமா? அதிகாரி யோசித்தார். பள்ளிக்கூடத்தை நகர்த்தினால் பெற்றோர் வருவார்கள். காவல் நிலையத்தை நகர்த்தினால் அவர்களே வருவார்கள். கோபித்துக்கொள்ள ஆளே இல்லாத இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது, ஊருக்கு வெளியே இருக்கிற குப்பைக் கிடங்கு. சரி, அது ஒன்று. இன்னொன்று?

"பொறுப்புள்ள ஓர் ஊழியருடைய வீடாக இருந்தால் நல்லது" என்று அதிகாரி கூரையைப் பார்த்துச் சொன்னார். அறையில் நின்றிருந்த அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

துணை இயக்குநர் பதவி ஒன்று காலியாக இருந்தது. அது யார் தலையில் விழும் என்பது அதிகாரியின் கையில் இருந்தது. நகல் சார் ஓரடி முன்னால் வந்தார்.

"என் வீட்டை வெச்சுக்குங்க சார்."

கிடங்கு நகல் சார் வீட்டுக்கு வந்தது. நகல் சார் வீடு கிடங்குக்குப் போனது. ஆலோசகர் ஒரு பொத்தானை அழுத்திச் சேமித்தார், இன்னொன்றை அழுத்தித் திரும்ப எடுத்தார். மாற்றம் சிந்தாமல் சிதறாமல் அப்படியே இருந்தது. அதிகாரி கை தட்டினார்.

"பிரமாதம். லாரிக்கும் சரி, ஊர்க்காரங்க பாக்கிற மாநகராட்சி ஆப்புக்கும் சரி, இந்தச் சேமிப்புதான் இனிமேல் மூலம். இதில் யாரும் கை வைக்கக் கூடாது. பழையதை அழிச்சிடுங்க. ரெண்டு வரைபடம் இருந்தா குழப்பம்."

ஆலோசகர் தலையைச் சொறிந்தார். "சார், அந்த மாற்றத்தைப் பழையபடி..."

"சோதனை வெற்றிதானே?"

"வெற்றிதான் சார்."

"வெற்றியானதை எதுக்குய்யா மாத்தணும்?"

ஆலோசகர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நகல் சார் திரையில் தன் வீடு இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்தார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, வழக்கம்போல மூன்று நகல் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மூன்றும் புதியதன் நகல்.

மறுநாள் காலை அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. பாதி முகத்தில் நுரையோடு வெளியே வந்தார். தெருவையே அடைத்துக்கொண்டு ஒரு குப்பை லாரி அவர் வீட்டு வாசலைப் பார்த்துப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து பெண் குரல், "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது. லாரியின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது.

"நிறுத்துய்யா. இது என் வீடு."

டிரைவர் தலையை நீட்டினார். "வணக்கம் சார். இது கிடங்கு சார்."

"போன மாசம் நீதானே இங்கே வந்து பீரோ இறக்கினே?"

"நான்தான் சார். அப்போ இது வீடு."

"உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். அதை நம்பி ஒரு தடவை, பாலம் உடைஞ்சிருக்கேன்னு சுத்திப் போனேன். கருவியை மீறியதற்கு விளக்கம் கேட்டு நீங்க மெமோ குடுத்தீங்க." சொல்லிவிட்டு டிரைவர் ஒரு விசையைத் தள்ளினார். ஊரில் முந்தின நாள் சேர்ந்த குப்பையில் ஒரு பங்கு நகல் சாரின் செம்பருத்திச் செடிமேல் இறங்கியது. பின்னால் இன்னும் நாலு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன.

நகல் சாரின் மனைவி கதவோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் சத்தம் போடும் ரகம் இல்லை. மெதுவாகப் பேசினால்தான் வீட்டில் எல்லோரும் நடுங்குவார்கள்.

"என்னங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை யாரு வராங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மறக்குமா? மகளுடைய வருங்கால மாமனார், மாமியார், மாப்பிள்ளை மூன்று பேரும் முதல்முறையாக வீடு பார்க்க வருகிறார்கள். மகளும் அந்தப் பையனும் ஒரே இடத்தில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வருஷம் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, இப்போதுதான் பையனின் அப்பா வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் வங்கி மேலாளர். ஆளைப் பார்க்க மாட்டார், ஆள் நிற்கிற இடத்தைப் பார்ப்பார். இடம் பிடிக்கவில்லை என்றால் கல்யாணம் இல்லை என்று மாப்பிள்ளையே சொல்லியிருந்தான்.

"அப்பா, சரி பண்ணிடுவீங்கதானே?" என்றாள் மகள்.

"ஒரே ஒரு பொத்தான்மா. இன்னைக்கே முடிச்சுடறேன்" என்றார் நகல் சார், மீதி முகத்தைச் சவரம் பண்ண மறந்து.

அலுவலகத்தில் அதிகாரி அவரை அன்போடு வரவேற்றார்.

"வரைபடத்தைத் திருத்தணும். அவ்வளவுதானே? தாராளமா திருத்தலாம். திருத்தறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?"

"பத்திரமா சேமிக்கணும் சார்."

"எதை?"

"இப்போ இருக்கிற வரைபடத்தை."

"அதை ஏற்கனவே பத்திரமா சேமிச்சு, கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டாச்சே. கை வைக்காம எப்படித் திருத்துவீங்க?"

"சார், ஆனா கிடங்கு நிஜத்துல அங்கே இல்லையே."

அதிகாரியின் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "இத்தனை வருஷம் அலுவலகத்தில் இருந்துட்டு நீங்களே இப்படிப் பேசலாமா? சேமிச்சதுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இருந்தா நாம எதைத் திருத்தணும்? சேமிச்சது பத்திரமா இருக்கு. பத்திரமா இல்லாதது நிஜம்தான்."

நகல் சார் பழக்கத்தில் தலையாட்டினார். இதே வாக்கியத்தை அவரே ஒரு சுற்றறிக்கையில் எழுதியிருந்த மாதிரி ஒரு நினைவு. அதன் நகலும் அவரிடம் இருக்கும்.

நிஜத்தைத் திருத்தும் வேலை மளமளவென்று நடந்தது. கிடங்குக் காவலாளி தன் நாற்காலி, கம்பு, டிரான்சிஸ்டர் சகிதம் நகல் சார் வீட்டு கேட்டுக்கு இடமாற்றம் செய்யப்பட்டார். கடமை தவறாத மனிதர். மகள் வேலைக்குப் போய்விட்டு வந்தால், "கிடங்குக்குள்ள வெளியாட்களுக்கு அனுமதி இல்லம்மா" என்று கம்பைக் குறுக்கே நீட்டுவார். கடைசியில் கிடங்கு வளாகத்தில் தற்காலிகமாகத் தங்கிக்கொள்ள நகல் சார் குடும்பத்துக்கு அதிகாரி சிறப்பு அனுமதி கொடுத்தார். அதற்காக நகல் சார் நன்றி சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்.

அந்த வாரமே ஆய்வுக்கு வந்த குழு ஒரு குறையைக் கண்டுபிடித்தது. கிடங்கின் நடுவில் ஓர் அனுமதியற்ற கட்டடம் இருக்கிறது, அதில் சமையல்கூட நடக்கிறது. உடனே நோட்டீஸ் எழுத உத்தரவு வந்தது. நோட்டீஸ் எழுதுவது நகல் சாரின் வேலை. தன் வீட்டை இடிக்கச் சொல்லித் தனக்கே ஒரு நோட்டீஸ் எழுதினார். அதிகாரி அதைப் படித்துவிட்டு, நடை கம்பீரமாக இருக்கிறது என்று பாராட்டினார்.

இதற்கிடையில் தெருவில் மூக்கைப் பிடிக்காமல் யாரும் நடக்க முடியவில்லை. எதிர்வீட்டு வாத்தியார் தினமும் வாசலில் வந்து நின்று நகல் சாரை முறைப்பார். நகல் சார் குனிந்த தலை நிமிராமல் குப்பைமேட்டைச் சுற்றி அலுவலகத்துக்குப் போவார். ஆலோசகருக்குப் போன் மேல் போன் போட்டார். அவர் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. குப்பை ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. மனைவி எல்லா ஜன்னலையும் சாத்தி, ஒரு புட்டி செண்ட்டைத் திரைச்சீலையில் கொட்டினாள். குப்பை நாற்றத்தோடு அந்த வாசனையும் சேர்ந்ததில் முன்பைவிட மோசமாகிவிட்டது. மகள் புதுப் புடவையில் சோபாவில் உட்கார்ந்து, அழுதால் மை கலைந்துவிடும் என்று அழாமல் இருந்தாள்.

போன் அடித்தது. வங்கி மேலாளர்தான். "சம்பந்தி, வந்துட்டோம். உங்க வாசல்லதான் நிக்கிறோம்."

நகல் சார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை. இல்லை, ஈயும் காக்கையும் ஏகமாக இருந்தன. சம்பந்தியைத்தான் காணோம்.

"எந்த வாசல்ல நிக்கிறீங்க?"

"உங்க வீட்டு வாசல்லதான். மாநகராட்சி ஆப்ல உங்க விலாசத்தைப் போட்டேன். நான் எப்பவும் வழியில யாரையும் கேக்கிறதில்ல சம்பந்தி. மனுஷன் பொய் சொல்லுவான், ஆப் சொல்லுமா?"

நகல் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வீடு இடம் மாறிய கையோடு சம்பந்தி வீட்டாரையும் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. குடும்பத்தோடு தெருவுக்கு ஓடினார். ஆட்டோ உள்ளே வர வழியில்லை. குப்பையைக் கொட்டிவிட்டுக் கிளம்பிய லாரி ஒன்றுதான் நின்றது.

"கிடங்குக்குப் போகணும்யா, அவசரம்" என்றார் நகல் சார்.

"இதுதானே சார் கிடங்கு? வந்துட்டீங்க" என்றார் டிரைவர்.

"அய்யோ, பழைய கிடங்குக்கு."

"அப்படி ஒரு இடம் கருவியில இல்லையே சார்."

நகல் சார் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தார். இத்தனை வருஷ அலுவலக அனுபவம் கைகொடுத்தது. "சரி, என் வீட்டுக்குப் போகணும்."

"அதுக்கென்ன சார், ஏறுங்க."

புதுப் புடவையும் சலவைச் சட்டையுமாக மூன்று பேரும் குப்பை லாரியில் ஏறித் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

பழைய கிடங்கில் இறங்கியவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. குப்பை வராமல் போய், நடுவில் ஒரு மழையும் பெய்ததில், இருந்த மேடுகளை எல்லாம் புல் மூடியிருந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கியிருந்தன. சிலுசிலுவென்று காற்று. அதன் நடுவில் வங்கி மேலாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சம்பந்தி, சின்ன இடம்னு அடக்கமா சொன்னீங்க? இந்த ஊர்ல இவ்வளவு பெரிய மனை எனக்குத் தெரிஞ்சு யார்கிட்டயும் இல்ல. ஆமா, வீடு எங்கே?"

நகல் சார் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் திறந்தார். அதற்குள் இன்னொரு குரல் முந்திக்கொண்டது.

"பழசை இடிச்சுட்டோம். புதுசா கட்டப்போறோம்" என்றாள் மனைவி, மெதுவாக.

மாப்பிள்ளை குழம்பிப்போய், "நான் இவளைப் பைக்ல கொண்டு வந்து விடற வீடு டவுனுக்குள்ள இல்ல இருக்கு?" என்றான்.

"உனக்கு என்னைக்குடா வழி தெரிஞ்சிருக்கு?" என்று அவன் அப்பா அவனை அடக்கினார். மகள் அவன் காலை மிதித்தாள். அத்தோடு அவனுக்கும் வழி தெரிந்துவிட்டது. மாமியாருக்குக் கொக்குகள் ரொம்பப் பிடித்துப்போயின, வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். கல்யாணம் அங்கேயே, நின்றபடியே முடிவானது. நின்றுகொண்டே வேலை பார்ப்பதில் ஏதோ இருக்கிறது என்று நகல் சார் முதல்முறையாக நினைத்தார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். அதாவது நின்றுகொண்டிருந்தார்.

"ஊர்ல இல்லாம போயிட்டேன், சாரி சார். எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடலாம், ரொம்ப சிம்பிள். வரைபடம் தவறுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்னு அதிகாரி ஒத்துக்கிட்டார். பாதிக்கப்பட்டவர் நீங்கதானே?"

இத்தனை நாள் இந்த ஒரு வரிக்காகத்தான் நகல் சார் நாயாய் அலைந்தார். பேனாவைத் திறந்தார். ஜன்னல் வரைக்கும் ஏறின குப்பை கண்முன் வந்தது. எதிர்வீட்டு வாத்தியாரின் முறைப்பும் வந்தது. அப்புறம் மகள் வந்தாள், லாரியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தவள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எத்தனை நாளாகிவிட்டது.

'வரைபடம் முற்றிலும் சரியாகவே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று நகலும் எடுத்தார்.

அன்று வீடு திரும்பும்போது எதிர்வீட்டு வாத்தியார் வழி மறித்தார். இன்றைக்கு அடி நிச்சயம் என்று நகல் சார் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார்.

"சார், கேள்விப்பட்டேன். அடுத்த புதுப்பிப்புல என் வீட்டையும் ஏரிக்கரைப் பக்கமா கொஞ்சம் நகர்த்தி விட முடியுமா? எனக்கும் ரெண்டு பொண்ணு சார்."

வாத்தியாருக்குப் பின்னால் தெருவே நின்றது. மறுவாரம் ஊரே நின்றது. அதிகாரிக்கு இது பெரிய புதுமையாகப் பட்டது. முகவரி மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, துணை இயக்குநர் பதவியையும் கொடுத்து அதற்கு நகல் சாரையே பொறுப்பாக்கினார். தன் வீட்டை முதல் ஆளாக மலையடிவாரத்துக்கு மேம்படுத்திக்கொண்டவரும் அதிகாரிதான். மனுக்கள் கட்டுக்கட்டாக வந்தன. படிக்க ஏது நேரம்? நகல் சார் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போட்டியில் ஏரிக்கரை நிரம்பிவிட்டதால், ஏரியையும் கொஞ்சம் நகர்த்த வேண்டியதாயிற்று.

கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டுக்குப் பதில் விருந்துக்குப் போக வேண்டும் அல்லவா? வங்கி மேலாளர் தன் பங்களாவைப் பற்றி நிறையவே சொல்லியிருந்தார். மாடியில் நின்றால் ஏரி தெரியுமாம். நகல் சார் குடும்பத்தோடு டாக்சி பிடித்து விலாசத்தை ஆப்பில் போட்டார். வண்டி ஊரைத் தாண்டியது, தோப்பைத் தாண்டியது, கடைசியில் ஒரு வெட்டவெளியில் போய் நின்றது. "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது பெண் குரல்.

சுற்றிலும் ஒரு செங்கல்கூட இல்லை. முள்வேலி ஓரமாக நாலு மடக்கு நாற்காலி போட்டு, வங்கி மேலாளர் கோட்டு சூட்டோடு வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தார். பக்கத்தில் மாமியார் கையில் காப்பித் தட்டு. ஏரியை மட்டும் நகல் சார் தேடவில்லை. வரைபடத்தில் அதை நகர்த்தியவரே அவர்தானே. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட மனுக்களில் சம்பந்தியின் மனுவும் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்றார் வங்கி மேலாளர். "பழசை இடிச்சுட்டோம். புதுசா கட்டப்போறோம்."

நகல் சார் தன் வாழ்நாளில் எத்தனையோ நகல் பார்த்தவர். எழுத்துப் பிசகாத இப்படி ஒரு நகலை அவர் பார்த்ததில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்ல காத்தோட்டமா இருக்கு சம்பந்தி" என்றார்.